இன்ஜின் கொதிக்கிறதா, சென்சார் குழம்புகிறதா?

ஜேசிபி, பொக்லைன், டோசர் எதுவானாலும், திரையில் வெப்ப எச்சரிக்கை விழுந்ததும் பட்டறையில் முதலில் கழலுவது சென்சார்தான். மலிவான உதிரி, ஒரு ஸ்பேனர் போதும், சில நிமிட வேலை. மாற்றிய பிறகும் எச்சரிக்கை திரும்பி வந்தால் சந்தேகம் தெர்மோஸ்டாட் வால்வுக்குப் போகும். பிறகு வாட்டர் பம்புக்கு, வயரிங்குக்கு, கடைசியில் ஈசிஎம் எனப்படும் இன்ஜின் கணினிக்கு. விலை ஏறும் வரிசையில் சந்தேகமும் ஏறுகிறது. மணிக்கணக்கில் வாடகை ஓடும் தொழிலில் இப்படி ஊகத்தில் உதிரி மாற்றுவதன் செலவு, உதிரியின் விலையோடு நின்றுவிடுவதில்லை.

சிக்கலின் வேர், இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில் இருக்கிறது. இன்ஜின் உண்மையில் சூடாகியிருக்கிறதா என்பது முதல் கேள்வி. திரை காட்டும் எண் சரியா என்பது இரண்டாவது. முதலாவதற்கு வெப்பமானி வேண்டும். இரண்டாவதற்கு மல்டிமீட்டர் வேண்டும். கணினியிடம் கேட்டால் முதல் கேள்விக்கு விடை கிடைக்காது, ஏனென்றால் அதற்கு வெப்பம் தெரியாது. ஒரு வயரில் எத்தனை வோல்ட் நிற்கிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். சென்சார் கோளாறைக் கண்டறியும் முறைகள் அத்தனையும் இந்த ஒரு குறையைச் சுற்றி எழுந்தவைதான்.

பழைய இயந்திரங்களில் இந்தக் குறை இல்லை. இன்ஜின் தலையில் திருகிய ஒரு குமிழ், அதிலிருந்து மீட்டர் வரை ஓடும் மெல்லிய செம்புக் குழாய், உள்ளே எளிதில் ஆவியாகும் திரவம், மறுமுனையில் அழுத்தத்துக்கேற்ப விரியும் வளைகுழாய். யூஜீன் பூர்தோன் 1849-இல் காப்புரிமை பெற்ற அந்த வளைகுழாய் அமைப்பைப் பழைய டோசர்களிலும் கம்ப்ரசர்களிலும் இன்றும் பார்க்கலாம். பாட்டரியைக் கழற்றினாலும் முள் சரியாகவே காட்டும். குழாய் நசுங்கினால் முள் செத்துப்போகும். அதிலும் ஒளிவுமறைவு கிடையாது.

அடுத்த தலைமுறை ஒற்றை வயர் சென்சார். மின்சாரம் திரும்பிப் போக இன்ஜின் உடம்பே எர்த். நீர் கசிகிறது என்று திருகில் வெள்ளை டேப்பைத் தாராளமாகச் சுற்றி இறுக்கினால், அந்த டேப் எர்த்தைத் தடுத்து முள்ளைக் கீழே இழுத்துவிடும். பல இயந்திரங்களில் மீட்டருக்கு ஒரு சென்சாரும் பஸ்ஸருக்குத் தனியாக ஒரு ஸ்விட்சும் இருந்தன. முள் சிவப்பில் நின்று பஸ்ஸர் ஊமையாக இருந்தால், இரண்டு சாட்சிகளில் ஒன்று பொய் சொல்கிறது என்று உடனே தெரிந்துவிடும். இன்றைய வண்டிகளில் பெரும்பாலும் மீட்டர், எச்சரிக்கை, ஃபேன் வேகம், டீசல் அளவு எல்லாம் ஒரே சென்சாரை நம்பி நடக்கின்றன. இந்தியாவில் சக்கரம் பூட்டிய கட்டுமான இயந்திரங்களுக்கு நான்காம் கட்ட மாசு விதி 2021 ஏப்ரல் 1-இல் வந்ததும், ஊர்ப் பட்டறைக்கு நன்கு பழகிய பேக்ஹோ லோடர்கூட காமன் ரெயில் டீசல், ஈசிஎம் என்று மாறிப்போனது. கண்டறியும் வேலையும் அதோடு ஃபிட்டர் கையிலிருந்து எலக்ட்ரீஷியன் கைக்கு நகர்ந்தது.

இன்றைய இரு வயர் சென்சாரின் உள்ளே இருப்பது ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். இந்தத் தலைகீழ்ப் போக்கை 1833-இலேயே மைக்கேல் ஃபாரடே வெள்ளி சல்ஃபைடில் கவனித்திருந்தார். பரவலாகப் புழங்கும் ஒரு வகையை எடுத்துக்கொள்வோம். 20 டிகிரியில் அது சுமார் 2,500 ஓம் காட்டும், 40-இல் 1,175, 80-இல் 323, 90-இல் 243, 100-இல் 187. ஈசிஎம் தன் உள்ளே இருக்கும் ஒரு நிலையான தடை வழியாக 5 வோல்ட்டை அனுப்பி, சென்சார் முனையில் மிஞ்சும் வோல்ட்டை அளக்கிறது. சென்சார் குளிர்ந்திருந்தால் வோல்ட் அதிகம், சூடானால் குறைவு. வயர் அறுந்தால் முழு 5 வோல்ட்டும் நிற்கும்; ஈசிஎம் கணக்கில் அது கடுங்குளிர். இரு வயரும் ஒட்டிக்கொண்டால் வோல்ட் பூஜ்யம். கணக்கில் அது கொதிநிலைக்கும் மேல்.

மேலே சொன்ன எண்களைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், பட்டறைகளில் தலையைப் பிய்க்க வைக்கும் பல புதிர்கள் அவிழ்கின்றன. 20 டிகிரிக்கும் 40-க்கும் இடையே தடை 1,300 ஓமுக்கு மேல் மாறுகிறது. 90-க்கும் 100-க்கும் இடையே மாறுவது வெறும் 56 ஓம். அதாவது ஆபத்தான வெப்பத்தில்தான் சில பத்து ஓம்களை வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. இப்போது கப்ளருக்குள் நீர் புகுந்து, பின்னில் களிம்பு ஏறி, 100 ஓம் கூடுதல் தடை சேர்ந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது 2,500-உடன் 100 சேர்ந்து 2,600. திரையில் ஒரு டிகிரி குறையும், யாருக்கும் தெரியாது. மதியம் கூலன்ட் 90 டிகிரிக்கு வரும்போது 243 என்பது 343 ஆகிவிடும். திரை 78 என்று காட்டும். கூலன்ட் 105-ஐத் தொட்டிருக்கும்போது திரையில் 87தான் இருக்கும். எச்சரிக்கை விளக்கு எரியாது, கோட் எதுவும் பதிவாகாது. இன்ஜின் ஹெட் வளைந்த பிறகு எல்லோரும் மீட்டரைப் பார்த்து நின்றுகொண்டிருப்பார்கள்.

இதற்கு நேரெதிர் கோளாறும் உண்டு. பிரஷர் வாஷ் செய்த பிறகு கப்ளரில் தேங்கிய ஈரமோ, உராய்ந்து தோலுரிந்த வயரோ, இரண்டு பின்களுக்கும் இடையே 2,000 ஓம் அளவில் ஒரு குறுக்குவழி உண்டாக்குகிறது என்று கொள்வோம். 20 டிகிரியில் சென்சாரும் குறுக்குவழியும் சேர்ந்து சுமார் 1,110 ஓம் ஆகும். இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் 40 டிகிரிக்கு மேல் காட்டும். வண்டி வேலை செய்து சூடேறினால் 90 டிகிரிக்கு 94 போலக் காட்டும், பிழை சுருங்கிவிடும். ஆக, வயரின் வழியில் தடை கூடினால் கோளாறு சூட்டில் வெளிப்படும், எண் குறைவாகத் தெரியும். பக்கவாட்டில் கசிவு இருந்தால் குளிரில் வெளிப்படும், எண் கூடுதலாகத் தெரியும். காலையில் சரி, மதியம் தப்பு என்று ஆப்பரேட்டர் சொல்வதை முன்பின் இல்லாத பேச்சு என்று தள்ளிவிடும் மெக்கானிக், கையில் கிடைத்த பாதி விடையைத் தூக்கி எறிகிறார்.

கோட்களைப் பற்றிய குழப்பமும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. கனரக வாகனங்களின் பொதுமொழியான எஸ்ஏஇ ஜே1939-இல் கூலன்ட் வெப்பத்துக்கு எஸ்பிஎன் 110 என்று எண். அதன் பின்னால் வரும் எஃப்எம்ஐ எண்தான் உண்மையான செய்தி. எஃப்எம்ஐ 3 என்றால் வோல்ட் வரம்பை மீறி உயர்ந்துவிட்டது. வயர் அறுந்தாலும் கப்ளர் கழன்றாலும் பொதுவாக இது வரும். 4 என்றால் வோல்ட் வரம்புக்குக் கீழே; எர்த்தோடு ஒட்டியிருக்கலாம். 2 என்றால் எண் நிலைகொள்ளாமல் தாவுகிறது. இவை மின்சாரக் கோட்கள். எஃப்எம்ஐ 0, 15, 16 ஆகியவை முற்றிலும் வேறு குடும்பம். வோல்ட் நம்பத்தக்க வரம்புக்குள்தான் இருக்கிறது, அதன்படி இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது என்று ஈசிஎம் சொல்கிறது. 15 லேசான எச்சரிக்கை, 16 அதற்கு மேல், 0 உடனே நிறுத்த வேண்டிய நிலை. எஃப்எம்ஐ 0 வந்த வண்டியில் நேராகச் சென்சாரைக் கழற்றுவது, ஜுரம் அடிக்கும் பிள்ளைக்குத் தெர்மாமீட்டரை மாற்றிப் பார்ப்பது போன்றது. ஆனாலும் பட்டறைகளில் 110 என்ற முதல் எண்ணைப் பார்த்ததுமே சென்சார் வாங்க ஆள் அனுப்பும் பழக்கம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஸ்கேனர் வந்த பிறகு இது குறையும் என்று எதிர்பார்த்தோம். எண்ணைப் படிக்காமல் பெயரை மட்டும் படிப்பதால் கூடத்தான் செய்திருக்கிறது.

உண்மையில் சூடானால் காரணம் எங்கே இருக்கும்? கட்டுமான இயந்திரங்களில் ரேடியேட்டர் தனியாக நிற்பதில்லை. ஹைட்ராலிக் ஆயில் கூலர், இன்டர்கூலர், ஏசி கண்டென்சர் என்று அடுக்காகவோ பக்கத்திலோ நிற்கும். கிரஷர் தூசியும் ஆயில் பிசுக்கும் சேர்ந்து இந்த அடுக்குகளின் இடையில் களிமண் போல இறுகும். வெளியிலிருந்து பார்த்தால் வலை சுத்தமாகத் தெரியும். அடுக்கைப் பிரித்து நடுவில் டார்ச் அடித்துப் பார்க்காமல் ரேடியேட்டர் நன்றாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். பெல்ட் நழுவுதல், மூடிய நிலையில் ஒட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட், தேய்ந்த பம்ப், ஹெட் கேஸ்கட் கசிவு ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை. அதிகம் மறக்கப்படுவது ரேடியேட்டர் மூடி. அழுத்தம் தாங்குகிற மூடி இருக்கும்வரைதான் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். அரை பார் அழுத்தத்தில் வெறும் நீரின் கொதிநிலை 111 டிகிரி அளவுக்கு ஏறும். பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலன்ட் அழுத்தம் இல்லாமலேயே 107 வரை தாங்கும். அந்த மூடியைச் சூட்டோடு திறந்து பார்க்கிற ஆர்வம் மட்டும் யாருக்கும் வேண்டாம், முகம் வெந்துவிடும்.

முதல் கேள்வியைத் தீர்க்க இன்று கைக்கு வந்திருக்கும் கருவி இன்ஃப்ராரெட் துப்பாக்கி. விலை குறைந்துவிட்டது, பெரும்பாலான பட்டறைகளில் ஒன்று கிடக்கிறது. ஆனால் பளபளக்கும் அலுமினியத் தெர்மோஸ்டாட் மூடியின் மேல் அதைக் காட்டினால் உண்மையைவிட வெகுவாகக் குறைத்துக் காட்டும், ஏனென்றால் மினுங்கும் உலோகம் வெப்பக் கதிரை மிகச் சொற்பமாகவே வெளிவிடும். பெயின்ட் அடித்த இடத்திலோ ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டியோ அளக்க வேண்டும். வெளிப்பரப்பு உள்ளே ஓடும் கூலன்டைவிடச் சில டிகிரி குறைவாக இருப்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். திரை 112 காட்டி, சென்சாருக்குப் பக்கத்துப் பெயின்ட் பரப்பு 84 காட்டினால், சந்தேகம் மின்சாரத்தின் பக்கம் போகலாம். இரண்டும் நெருக்கமாக இருந்தால் மல்டிமீட்டரை மூடி வைத்துவிட்டு ரேடியேட்டரைப் பார்க்கப் போவதே நல்லது.

கோட் வராமல், அறிகுறி தெரியாமல் இன்ஜினைக் கொல்லும் இன்னொரு நிலைமை உண்டு. கூலன்ட் கசிந்து மட்டம் இறங்கினால் சென்சார் நுனி நீருக்கு வெளியே வந்துவிடும். காற்றும் ஆவியும் நீரைப் போல வெப்பத்தைக் கடத்தா. இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போது முள் மெல்ல இறங்கும். ஆப்பரேட்டர் நிம்மதியாக அடுத்த பக்கெட்டைத் தோண்டுவார். சென்சார் முழு நலத்தோடு, தன்னைச் சூழ்ந்ததைச் சரியாக அளந்துகொண்டிருக்கும். கூலன்ட் மட்டத்துக்கெனத் தனிச் சென்சார் உள்ள இயந்திரங்களில் அதற்கு எஸ்பிஎன் 111. அந்த விளக்கு அடிக்கடி தொல்லை தருகிறது என்று கப்ளரைப் பிடுங்கிவைப்பவர்கள், இன்ஜின் முழுவதையும் பணயம் வைக்கிறார்கள். போர்வெல் நீரையே ரேடியேட்டருக்கு ஊற்றும் ஊர்களில் நுனியின் மேல் உப்புப் படிந்து கல்லாகும். அப்போது எண் தப்பாகாது, தாமதமாகும். நீண்ட ஏற்றத்தில் சட்டென்று வெப்பம் எகிறும்போது அந்தத் தாமதமே ஆபத்து.

சோதனை வரிசைக்கு வருவோம். கருவியே இல்லாத மிகச் சிறந்த சோதனை விடியற்காலையில்தான் நடக்கும். இரவெல்லாம் நின்ற வண்டியில் சாவியை மட்டும் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல், கூலன்ட், உள்ளிழுக்கும் காற்று, டீசல், ஹைட்ராலிக் ஆயில் ஆகியவற்றின் வெப்ப எண்களைத் திரையில் பார்க்க வேண்டும். எல்லாம் ஊர் வெப்பத்தை ஒட்டிச் சில டிகிரி வித்தியாசத்துக்குள் நிற்க வேண்டும். ஒன்று மட்டும் தனியாக விலகினால் அதன் சென்சாரோ அதன் வயரோ குற்றவாளி. பல எண்கள் ஒரே திசையில் விலகினால் அவை பகிர்ந்துகொள்ளும் எர்த் வயரைத் தேட வேண்டும். தனித்தனிச் சென்சார் வாங்கினால் பணம்தான் கரையும்.

பிறகு கப்ளரைக் கழற்றும் சோதனை. கழற்றியதும் திரை மைனஸ் 40-க்குப் போகவோ எஃப்எம்ஐ 3 வரவோ வேண்டும். ஜே1939 செய்தியில் கூலன்ட் வெப்பத்தின் அடித்தளமே மைனஸ் 40 டிகிரி என்பதால்தான் அந்த எண். அடுத்து ஹார்னஸ் பக்கத்து இரு பின்களையும் ஒரு வயர்த் துண்டால் இணைத்தால் எஃப்எம்ஐ 4 வர வேண்டும். இரண்டும் ஒழுங்காக மாறினால் அறுந்த வயரும் ஒட்டிய வயரும் இல்லை, ஈசிஎம்மும் பிழைத்தது. ஆனால் முன்னே பார்த்த 100 ஓம் களிம்பு இந்தச் சோதனையில் அகப்படாது. அதற்குச் சென்சாரின் இடத்தில் 330 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் செருக வேண்டும். மேலே சொன்ன வகைச் சென்சாருக்கு வடிவமைத்த வண்டியில் திரை 79 அல்லது 80 காட்ட வேண்டும். 70-ஐ ஒட்டிக் காட்டினால் வயரில் தடை ஒளிந்திருக்கிறது. இதெல்லாம் இரு வயர் சென்சாருக்கு மட்டும். மூன்று வயர் உள்ள சென்சாரில், அது அழுத்தச் சென்சாராக இருந்தாலும் சில பழைய பெரிய இயந்திரங்களின் துடிப்பு வகை வெப்பச் சென்சாராக இருந்தாலும், பின்களை இணைத்து விளையாடக் கூடாது.

சென்சாரை நேரடியாகச் சோதிக்க, அடுப்பில் நீர்ப் பாத்திரமும் ஒரு நல்ல வெப்பமானியும் போதும். குளிர்நீரில் ஒன்று, நடுவில் ஒன்று, கொதியில் ஒன்று என மூன்று இடத்தில் ஓம் அளந்து அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். வெப்பமானி இல்லாமல் கொதிநீர் என்றாலே 100 டிகிரி என்று முடிவுகட்டுகிறவர் ஊட்டியில் வேலை பார்த்தால் நல்ல சென்சாரைக் குப்பையில் போடுவார். அந்த உயரத்தில் நீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கடையில் கிடைக்கும் டூப்ளிகேட் சென்சார்களைப் பிடிக்கவும் இதுவே வழி. திருகு பொருந்தும், கப்ளர் பொருந்தும், உள்ளே இருக்கும் தெர்மிஸ்டர் மட்டும் வேறு வளைவில் போகும். கோட் வராது, எண் மட்டும் என்றைக்கும் ஒத்துவராது.

விட்டுவிட்டு வரும் கோளாறுதான் பொறுமையைச் சோதிப்பது. எண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு ஹார்னஸை அங்குலம் அங்குலமாக ஆட்டிப் பார்ப்பதைத் தவிரக் குறுக்குவழி இல்லை. வயர் அறுவது பெரும்பாலும் கிளாம்ப் கழன்று ஆடும் இடத்தில், இன்ஜினும் சேஸிஸும் தனித்தனியாக அதிரும் எல்லையில், அல்லது எலி குடியிருந்த மூலையில். ஈசிஎம் பதிவில் கோட் எத்தனை முறை வந்தது, எந்த மணிநேர மீட்டரில் முதலில் வந்தது என்று இருக்கும். அந்தச் சமயத்தில் வண்டியில் என்ன வேலை நடந்தது என்று கேட்டால் பல நேரம் வெல்டிங் என்று பதில் வரும். பக்கெட் பல்லுக்கோ பூமுக்கோ வெல்டிங் வைக்கும்போது பாட்டரியையும் ஈசிஎம் கப்ளரையும் கழற்றாமல், எர்த் கிளாம்பை எங்கோ தூரத்தில் மாட்டினால் வெல்டிங் கரன்ட் பியரிங், ஹார்னஸ், ஈசிஎம் என்று கிடைத்த வழியில் பாயும். வயரின் தோலில் ஊசி குத்தி வோல்ட் பார்க்கும் எலக்ட்ரீஷியனும் தன் பங்குக்கு அடுத்த மழைக்காலத்துக் களிம்புக்கு வாசல் திறந்துவைக்கிறார்.

தவறான வெப்ப எண் வந்தால் வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்பதும் ஒரு தடயம். சென்சார் அறுந்ததாக ஈசிஎம் கண்டால் ஹைட்ராலிக் ஃபேன் முழு வேகத்தில் ஓடும்படி பல இயந்திரங்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. ஃபேன் ஓயாமல் இரைகிறது என்ற புகார் அங்கிருந்து வரும். கடுங்குளிர் என்று நம்பினால் ஹீட்டர் தேவையில்லாமல் நேரம் எடுக்கும், ஐடில் ஏறி நிற்கும். குளிர்ந்த இன்ஜினைச் சூடு என்று நம்பினால் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். சூடு மிஞ்சியதாக நம்பினால் ஈசிஎம் சக்தியைக் குறைக்கும். ஆப்பரேட்டருக்கு அது "வண்டி லோடு எடுக்கல" என்ற வடிவில்தான் தெரியும். பம்பிலும் டர்போவிலும் தேடிப் பல நாள் வீணாகும்.

சோதனைக்குச் சொன்ன அதே ஓரிரு ரூபாய் ரெசிஸ்டர், தவறான கைகளில் வேறு வேலையும் செய்கிறது. சென்சாரைக் கழற்றிவிட்டு கப்ளரில் நிரந்தரமாக ரெசிஸ்டரைச் செருகினால் திரை எந்நேரமும் 80 காட்டும், எச்சரிக்கை ஒழியும், வண்டி வேலைக்குப் போகும். அவசரத்துக்கு டம்மி என்று இதற்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். இதை அவசர உதவியாக என்னால் ஏற்க முடியவில்லை. எச்சரிக்கை செத்தது மட்டும் பிரச்சினை இல்லை. 80 டிகிரிதான் என்று நம்பும் ஈசிஎம் ஹைட்ராலிக் ஃபேனை மெதுவாகவே ஓட்டும். இல்லாத சூட்டை மறைக்கப் போட்ட ரெசிஸ்டர் உண்மையான சூட்டை உண்டாக்கிவிடும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் விடியற்காலைச் சோதனையை ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது. குளிர்ந்த இன்ஜின் 80 காட்டினால் விலை பேசுவதற்கு முன் கப்ளரைத் திறந்து பார்க்கலாம்.

ஐந்தாம் கட்ட மாசு விதி 2025 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்ததோடு வெப்பச் சென்சார்களின் எண்ணிக்கையும் கூடிவிட்டது. புகைப்போக்கிப் பாதையில் இருக்கும் சென்சார்கள் பல நூறு டிகிரியை அளப்பவை. அவற்றில் பிளாட்டினம் வகைக்குச் சூடு ஏற ஏறத் தடையும் ஏறும், தெர்மிஸ்டருக்கு நேர்மாறு. கூலன்ட் சென்சாரில் பழகிய கையோடு அவற்றை அளந்தால் நல்லது கெட்டதாகத் தெரியும். கூலன்ட் சென்சாரின் பொறுப்பும் வளர்ந்திருக்கிறது. புகைத்தூள் வடிகட்டியில் சேர்ந்ததை எரித்துச் சுத்தம் செய்யும் சுழற்சிக்கு இன்ஜின் போதிய சூட்டில் இருப்பது முன்நிபந்தனை. களிம்பு ஏறிய கப்ளர் கூலன்டைக் குளிர்ச்சியாகக் காட்டினால் சுழற்சி தொடங்க மறுக்கும், வடிகட்டி அடைக்கும், சக்தி குறையும். கோட் வடிகட்டியின் பெயரில் வரும். விலையுயர்ந்த வடிகட்டியைக் கழற்றிவிட்டுத்தான் சிலர் அந்த மலிவான கப்ளருக்கு வருவார்கள்.

இவ்வளவுக்கும் அடிப்படை, எந்த வெப்பத்தில் எத்தனை ஓம் என்ற அந்தச் சிறு அட்டவணை. ஆப்பரேட்டர் கையேட்டில் அதற்குப் பொதுவாக இடமிருப்பதில்லை. கம்பெனி சர்வீஸ் மேனுவலில் தேட வேண்டும், அது வெளிப் பட்டறைக்கு எளிதில் கிடைப்பதும் இல்லை. அரைப் பக்கம் பிடிக்கும் அந்த அட்டவணையைக் கையேட்டின் கடைசியில் அச்சிடுவதில் எந்தத் தொழில் ரகசியமும் வெளிப்பட்டுவிடாது. அதுவரை, புதுச் சென்சார் வாங்கும்போதே மூன்று வெப்பத்தில் அளந்து எண்களைப் பட்டறைச் சுவரில் எழுதி வைக்கலாம். அதே மாடலில் அடுத்த வண்டி எச்சரிக்கை விளக்கோடு வந்து நிற்கும்போது, ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண்கள் கையிலிருக்கும்.